முதலில் கடன் பத்திரம், அப்புறம்தான் பீரங்கி

ஏகாதிபத்தியம் என்று பேச்சு வந்தால் எல்லோரும் பிளாசிக்கோ காங்கோவுக்கோ போய்விடுகிறார்கள். நான் எகிப்தைத்தான் எடுப்பேன்.

1882 முதல் 1914 வரை எகிப்து சட்டப்படி பிரிட்டனின் காலனியே கிடையாது. பெயரளவில் அது உதுமானிய சுல்தானுக்குக் கட்டுப்பட்ட நாடு. அரியணையில் கெதிவ் (எகிப்து ஆட்சியாளரின் பட்டப் பெயர்), மந்திரிகளும் உள்ளூர் ஆட்கள். ஆனால் கெய்ரோவில் பிரிட்டனின் தூதராக, ‘கன்சல் ஜெனரல்’ என்ற சாதுவான பதவிப் பெயரோடு உட்கார்ந்திருந்த ஈவ்லின் பேரிங் (பிற்பாடு குரோமர் பிரபு) தலையசைக்காமல் அங்கே எதுவும் நகராது. இந்த ஆள் எகிப்துக்கு முதலில் வந்ததே கடன் வசூலைக் கவனிக்கத்தான்.

கதை பருத்தியில் தொடங்குகிறது. 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்ததும் இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைகள் பஞ்சுக்குத் தவித்தன, எகிப்துப் பருத்தி விலை எகிறியது. 1863-இல் ஆட்சிக்கு வந்த இஸ்மாயில் அந்த வருமானத்தை நம்பிக் கடன் வாங்க ஆரம்பித்தார். 1865-இல் போர் முடிந்தது, விலை சரிந்தது, கடன் மட்டும் நின்றது. ஊதாரி என்று அவரை ஒரே வார்த்தையில் முடிப்பது கடன் கொடுத்தவர்களுக்கு வசதி. அரண்மனையும் ஆப்பரா அரங்கும் கட்டினார், சரி. ரயில் பாதையும் பாசனக் கால்வாயும் பள்ளிக்கூடமும் அதே பணத்தில்தான் வந்தன.

கடன் கொடுத்த விதத்தையும் பார்க்க வேண்டும். 1873-இல் 3.2 கோடி பவுண்டுக்குப் பத்திரம் எழுதினார்கள். கைக்கு வந்தது சுமார் 2 கோடி. நம்மூர்க் கந்துவட்டிக்காரர் வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பாரே, அதேதான். வட்டி மட்டும் முழுத் தொகைக்கும்.

1875-இல் சூயஸ் கால்வாய்ப் பங்குகளை 40 லட்சம் பவுண்டுக்கு பிரிட்டனிடம் விற்றார் இஸ்மாயில். போதவில்லை. 1876-இல் ஐரோப்பியர்கள் அடங்கிய கடன் ஆணையம் கெய்ரோவில் உட்கார்ந்தது. 1878-இல் நிதி மந்திரி ஒரு ஆங்கிலேயர், பொதுப்பணி மந்திரி ஒரு பிரெஞ்சுக்காரர். முரண்டு பிடித்த இஸ்மாயிலை 1879-இல் சுல்தானை வைத்தே இறக்கினார்கள். 1880-இல் கால்வாய் லாபத்தில் எஞ்சியிருந்த 15 சதவீத உரிமையும் கைமாறியது. மண் எகிப்துடையது, ஆரம்ப வருடங்களில் கட்டாய வேலையாகத் தோண்டியவர்கள் எகிப்து விவசாயிகள், வருமானத்தில் நாட்டுக்குக் காலணா கிடையாது. அரசு வருவாயில் ஏறக்குறையப் பாதி கடனுக்கே போனது.

இதைத் தட்டிக்கேட்டவர் அகமது உராபி, விவசாயக் குடும்பத்தில் பிறந்த கர்னல். பட்ஜெட்டைத் தீர்மானிக்கும் உரிமை எகிப்தியர் சபைக்கு வேண்டும் என்று அவர் தரப்பு கேட்டதுதான் லண்டனையும் பாரிஸையும் உலுக்கியது. 1882 ஜூலை 11 அன்று பிரிட்டிஷ் கடற்படை அலெக்சாந்திரியாவைக் குண்டுவீசித் தகர்த்தது. செப்டம்பர் 13 விடியற்காலை தெல் எல் கெபிர் என்ற இடத்தில் நடந்த சண்டையில் உராபியின் படை தோற்று ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. உராபியை இலங்கைக்கு நாடு கடத்தினார்கள்.

இந்தியாவுக்குப் போகும் கடல் வழியைக் காக்கவே படையெடுத்தார்கள் என்று சிலர் வாதிடுவார்கள். அதுவும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அப்போதைய பிரதமர் கிளாட்ஸ்டனின் சொந்த முதலீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எகிப்துக் கடன் பத்திரங்கள். படை இறங்கிய பிறகு அவற்றின் விலை ஏறியது.

தெல் எல் கெபிரில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் பொறியியல் பிரிவான மதராஸ் சாப்பர்ஸ் படையும் இருந்தது. இந்தியப் படையை அனுப்பிய செலவில் ஒரு பகுதி இந்தியக் கருவூலத்தின் தலையில் விழுந்தது.