தெருமுனைக் காற்று

இன்றைக்கும் குடை போச்சு. இந்த ஆடியில் இது மூன்றாவது. நாகர்கோவிலில் எங்கள் தெருமுனையில், ஓட்டு வீடுகளுக்கு நடுவே அந்த ஆறு மாடிக் கட்டடம் எழுந்த நாளிலிருந்து இதே பாடுதான். பூக்கார அக்காவின் தார்ப்பாய் கிழிகிறது. நிறுத்திய ஸ்கூட்டர் சாய்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டே வீடு வருகிறார்கள்.

சொன்னால், "ஆடிக்காற்றுதானே" என்கிறார்கள். எங்களுக்கா ஆடிக்காற்று தெரியாது? ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலைகளுக்கு நடுவே நெருக்குப்பட்டு வேகம் பிடிக்கும் காற்றை நம்பித்தானே முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன! அதே கணவாயைத் தெருவுக்குள் கட்டிவைத்தால்? மேற்கே பார்த்து ஒரே நெட்டுச் சுவர். மேலே மோதும் காற்று எங்கே போகும்? சுவரோடு வழுக்கித் தெருவில்தான் இறங்கும். கூர்மையான மூலையில் திரும்பும்போது இன்னும் சீறும். பக்கத்துச் சந்தில் புகுந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 2011இல், 32 மாடிக் கட்டடம் ஒன்றின் அடியில் வீசிய காற்று லாரியையே புரட்டிப்போட்டு, நடந்துபோன ஒருவர் செத்தே போனார். சரி, இது ஆறு மாடிதான். அதற்காக மூலையைக் கொஞ்சம் வளைத்திருக்கக் கூடாதா? மேல்மாடிகளைச் சற்று உள்வாங்கிக் கட்டியிருக்கக் கூடாதா? கார் நிறுத்த இடம் யோசித்தார்கள், லிப்ட் யோசித்தார்கள். கீழே மனுசர் நடப்பது மட்டும் நினைவுக்கு வரவில்லையா?

பூக்கார அக்கா நாளை முதல் அடுத்த தெருவில் உட்காரப் போகிறாராம். இருபது வருடமாக இருந்த இடம்.