அந்த 75,000 டாலர் கணக்கு

வருஷத்துக்கு 75,000 டாலருக்கு மேல சம்பாதிச்சா சந்தோஷம் ஏறாதுன்னு நோபல் வாங்கின உளவியல் நிபுணர் கானமன் நிரூபிச்சுட்டாரு, அதனால சம்பளத்துக்காக வேலை மாறுறது வேஸ்ட்னு ஒருத்தர் போஸ்ட் போட்டிருக்காங்க. பாதிதான் சரிங்க. 2010ல கானமனும் பொருளாதார நிபுணர் டீட்டனும் அமெரிக்க சர்வேல பார்த்தது ரெண்டு விஷயம், அன்னன்னைக்கு மனசு எப்படி இருக்கு, மொத்த வாழ்க்கைக்கு எத்தனை மார்க் போடுவீங்க. முதலாவதுதான் அந்த 75,000 கிட்ட நின்னுச்சு, ரெண்டாவது அதுக்கு மேலயும் ஏறிக்கிட்டேதான் போச்சு (இதை மட்டும் யாரும் ஃபார்வர்ட் பண்றதில்ல). 2023ல கானமனே கில்லிங்ஸ்வொர்த், மெல்லர்ஸ்னு ரெண்டு ஆய்வாளர்கள் கூட சேர்ந்து மறுபடி அலசினப்ப பெரும்பாலானவங்களுக்கு அன்றாட சந்தோஷமும் சேர்ந்தே ஏறுது, ரொம்ப சந்தோஷம் கம்மியா இருக்கிற ஒரு 20 சதவீதம் பேருக்குத்தான் 1,00,000 டாலர் வாக்குல நிக்குதுன்னு வந்துச்சு. ரெண்டு பேப்பரும் பிஎன்ஏஎஸ் (PNAS) அறிவியல் ஜர்னல்ல இருக்கு, எழுதினவங்க பேரும் வருஷமும் போட்டு தேடுங்க, சுருக்கம் ஃப்ரீதான், 2010 பேப்பரோட தலைப்புலயே இந்த ரெண்டையும் தனித்தனியா சொல்லியிருப்பாங்க.