தக்காளி பழுக்க இலைகளைக் கிள்ள வேண்டியதில்லை

காயின் மீது நேரடியாக வெயில் பட்டால்தான் தக்காளி சிவக்கும், ஆகவே குலையை மறைக்கும் இலைகளையெல்லாம் கிள்ளிவிட வேண்டும் என்று சிலர் கூறுவது சரியன்று. முற்றிய காயினுள் உருவாகும் எத்திலீன் வாயுவும் மிதமான வெப்பமுமே அதைப் பழுக்க வைக்கின்றன. அத்தகைய காயைப் பறித்து இருட்டான அலமாரியில் வைத்தாலும் அது சிவந்துவிடுவதை எவரும் சோதித்துப் பார்க்கலாம்.

சிவப்பு நிறத்தைத் தரும் லைகோபீன் 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் நன்கு உருவாகிறது. 30 டிகிரியைத் தாண்டினால் அதன் உற்பத்தி குறைந்துவிடுவதால், கடும் வெயிலில் நிற்கும் செடியின் பழங்கள் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்திலேயே நின்றுவிடுவதுண்டு. அந்த நேரத்தில் நிழல் தரும் இலைகளையும் அகற்றினால், வெயில் பட்ட பக்கத்தில் தோல் வெளிறி, மெலிந்து சுருங்கி, நாளடைவில் அங்கே பூஞ்சையும் பிடிக்கக்கூடும். தவிர, பழத்துக்கு இனிப்பைத் தரும் சர்க்கரையில் பெரும்பகுதி இலைகளில்தான் தயாராகிறது. இலைகளை உருவிவிட்டுச் சுவையை எதிர்பார்ப்பது, அடுப்பை அணைத்துவிட்டுச் சோறு வேகக் காத்திருப்பதற்கு ஒப்பாகும்.

மண்ணைத் தொடும் அடியிலைகளையும், மஞ்சளித்துப் புள்ளி விழுந்தவற்றையும் நீக்குவது வேறு. அது நோய் பரவாமல் தடுப்பதற்காகச் செய்யப்படுவது. காய் நிறம் மாறத் தொடங்கியதும், பறவைகளோ மழையோ முந்திக்கொள்ளும் முன், பறித்து வீட்டுக்குள் பழுக்கவைப்பதிலும் பிழையில்லை. ஆனால் அதுவரை குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாகாது. அந்தக் குளிரில் பழுப்பது தடைப்படுவதோடு மணமும் குன்றிவிடும்.