கையில் என்ன இருந்தது என்று கேளுங்கள்

ஞாயிற்றுக்கிழமை மும்பை சயானில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நடந்த பாராட்டு விழாவில் சிறப்பு விருந்தினர் பேசியதை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எந்த வாட்ஸப் குரூப்பைத் திறந்தாலும் அந்த வீடியோதான். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. வயதில் பெரியவர், நம் மக்கள் முன்னேற வேண்டும் என்று மனதார நினைப்பவர். ஆனால் பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு அவர் சொன்னது என்ன? குஜராத்தியும் வெறுங்கையோடு பம்பாய்க்கு வந்தான், நாமும் வெறுங்கையோடு வந்தோம். அவன் கட்டடம் கட்டினான், நாம் இன்னும் இட்லிக் குண்டான் தூக்குகிறோம். நம்மிடம் முனைப்பு இல்லை.

அதற்குக் கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் பாதிப் பேர் தாராவிக்காரர்கள். இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குஜராத்திகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர்கள் கடையில் வேலை பார்த்து வளர்ந்தவன் நான். என் கோபம் எல்லாம் அந்த 'வெறுங்கை' மேல்தான். இரண்டு பேருமே வெறுங்கையோடு வந்தார்கள் என்பது சரியில்லை. ஒருவர் மட்டும்தான் அப்படி வந்தார். அதைச் சொல்லாமல் இரண்டு சமூகங்களை ஒப்பிடுவது நியாயமே இல்லை.

1670-களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெரால்டு ஆஞ்சியர் பம்பாயை வணிகத் துறைமுகமாக்க நினைத்தபோது, சூரத் வணிகர்களுக்குச் சலுகை கொடுத்து வரவழைத்தார்கள். பிழைக்க வழியில்லாமல் அவர்கள் ஓடி வரவில்லை, கூப்பிட்டு வந்தார்கள். வரும்போதே ஹுண்டி என்கிற கடன்சீட்டு வந்தது, கணக்குப் புத்தகம் வந்தது, எந்த ஊரில் யாரிடம் பணம் வாங்கலாம் என்ற பழக்கம் வந்தது. 1860-களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் லங்காஷயர் ஆலைகளுக்கு அங்கிருந்து பருத்தி வருவது நின்றபோது, பம்பாய் பருத்தியில் கொட்டிய பணத்தை அள்ளத் தயாராக இருந்தவர்கள் அவர்கள். பருத்தியிலும் பங்கிலும் கொடிகட்டிப் பறந்த பிரேம்சந்த் ராய்சந்த் அந்தக் காலத்து ஆள்தான். 1875-ல் பங்குத் தரகர்கள் சங்கம் அமைத்தபோது நம் தாத்தாக்கள் எங்கே இருந்தார்கள்? திருநெல்வேலிப் பக்கம் அடுத்தவன் வயலில் இருந்தார்கள்.

அங்கிருந்து கிளம்பி வந்தவர்கள் தாராவியில் என்ன வேலைக்கு வந்தார்கள்? தோல் பதனிட. பதனிடும் இடங்களை ஊருக்கு வெளியே சதுப்பு நிலத்தில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். நாற்றம் பொறுத்து அங்கே நிற்கக்கூடியவர்கள் தேவைப்பட்டார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகளும் முஸ்லிம்களும். தாராவியின் பெரிய மசூதி 1887-ஐச் சேர்ந்தது, அவ்வளவு பழைய கதை இது.

என் அப்பாவின் கையை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறின தோலைத் தூக்கிப் போடுவார். விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும், நகக்கண்ணில் கடுக்காய்க் கறை போகவே போகாது. காரக்குழம்பு என்றால் கையால் பிசைந்து சாப்பிட மாட்டார், எரியும். அம்மா ஸ்பூன் எடுத்து வைப்பாள். ஓட்டலில்தான் ஸ்பூனில் சாப்பிடுவார்கள் என்று நினைத்து, எங்க அப்பா பெரிய மனுஷன் போல என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். 1971-ல் பாந்த்ரா கசாப்புக்கூடம் தேவனாருக்குப் போனது. அப்புறம் தொட்டிகளும் ஒன்றொன்றாக மூடின. அப்பாவின் தொட்டி மூடியபோது கையில் கொடுத்த தொகை ஒரு வருஷ மளிகைக்குக் காணவில்லை. அந்தக் கையில் முனைப்பு இல்லையா ஐயா?

சரி, ஒரு வாதத்துக்கு இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே ரயிலில் வந்து இறங்கினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒன்றல்ல. இதை நான் கண்ணால் பார்த்தேன்.

படிப்பு முடிந்ததும் மஸ்ஜித் பந்தரில் ஒரு மசாலாக் கடையில் கணக்கு எழுதப் போனேன். சேட் கட்ச் பக்கத்துக்காரர், நல்ல மனுஷன், தீபாவளி போனஸ் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அவருடைய அக்கா மகன் ஊரிலிருந்து வந்து இறங்கினான். ஒரு பை, ஒரு போர்வை, சரியாக ஹிந்திகூட வராது. மேடையில் சொன்ன அதே வெறுங்கைப் பையன்தான். ராத்திரி கடை மாடியில் படுக்கை, சாப்பாடு அவர்கள் சமூகத்து போஜனசாலையில். கொஞ்ச காலம் மூட்டையை எண்ணினான், மிளகாயை மோந்து தரம் பார்க்கக் கற்றுக்கொண்டான். அப்புறம் ஒரு நாள் சேட் அவனைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கடைகளுக்குப் போனார். 'இவன் நம்ம பையன்.' அவ்வளவுதான். மூன்று கடைகளில் தொண்ணூறு நாள் கடனில் சரக்கு எழுதினார்கள். பேப்பர் இல்லை, ஈடு இல்லை. அவன் பணம் கட்டாவிட்டால் மாமா கட்டுவார் என்று எல்லோருக்கும் தெரியும். மாமாவால் முடியாவிட்டால் மகாஜன் என்கிற அவர்கள் சாதிச் சங்கம் பேசி முடிக்கும் என்றும் தெரியும்.

அந்தக் கடைகளுக்கு உண்டான எல்லாப் பாக்கியையும் என் கையெழுத்தில் எழுதியவன் நான். எந்தச் சரக்கு எப்போது ஏறும், எந்த வியாபாரி இழுத்தடிப்பான், எல்லாம் எனக்கு அத்துப்படி. நானும் புளியும் வத்தலும் எடுத்துத் தாராவிக் கடைகளுக்குப் போடலாம் என்று அதே கடைகளில் ஒன்றில் போய்க் கேட்டேன். அவர் சிரித்த முகத்தோடு டீ வாங்கிக் கொடுத்தார். 'உனக்கு யார் பொறுப்பு?' என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன், அவர் கேட்டது வியாபாரிக்கு உண்டான கேள்வி. அந்தப் பையன் இன்று காட்கோபரில் இரண்டு கடை வைத்திருக்கிறான். அவன் உழைத்தான், மறுக்கவில்லை. நானும் உழைத்தேன்.

வங்கிக்குப் போக வேண்டியதுதானே என்பீர்கள். எதை வைத்து? வீட்டுக்குப் பட்டா கிடையாது. 1976 குடிசைக் கணக்கெடுப்புக்குப் பிறகு கொடுத்த போட்டோபாஸ் இருக்கிறது. அதில் அப்பா போர்டு பிடித்துக்கொண்டு நிற்கிற படம் இருக்கிறது. அதை ஈடாக வாங்கிக்கொள்ளும் வங்கியை யாராவது காட்டுங்கள். இந்த ஊரில் சதுர அடி என்ன விலை போகிறது என்று உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட நிலத்தின் மேல் மூன்று தலைமுறை குடியிருந்தும் அதை வைத்து ஒரு ரூபாய் கடன் எடுக்க முடியாது. இப்போது தாராவி மறுசீரமைப்புத் திட்டம் வருகிறதே, அதிலும் 2000 ஜனவரி 1-க்கு முன்னால் தரைத்தளத்தில் இருந்ததற்குக் காகிதம் கேட்கிறார்கள். மாடியில் இருக்கிற என் சித்தப்பா குடும்பம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கிறது.

இந்த வேறுபாடு மும்பையில் மட்டும் நடந்ததும் இல்லை. கடல் தாண்டிப் பாருங்கள். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போய்ச் சேர்ந்தது, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளோடு. அப்புறம் 1870-களில் குஜராத் வணிகர்கள் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து அதே டர்பனுக்குப் போனார்கள். அவர்களுக்குப் 'பயணி இந்தியர்' என்றே பெயர். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத கூலிகள் மேல் 1895-ல் சட்டம் போட்டு ஆண்டுக்கு மூன்று பவுண்டு தலைவரி விதித்தார்கள். வணிகர்களுக்கும் அங்கே கொடுமைகள் இருந்தன, கடை உரிமம் மறுத்தார்கள், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூன்று பவுண்டு வரி யார் தலையில் விழுந்தது? ஒரே ஊர், ஒரே வெள்ளைக்காரன், இரண்டு வகை இந்தியர். அங்கேயும் தமிழனுக்கு முனைப்பு இல்லாமல் போயிற்று என்று சொல்வாரோ?

அடுத்து, 'குஜராத்தி' என்று ஒரே மூட்டையாகக் கட்டுகிறாரே, தாராவிக்குள் எப்போதாவது நடந்திருக்கிறாரா? கும்பார்வாடா எங்கே இருக்கிறது? 90 அடி ரோட்டில், நம் தெருக்களுக்கு அடுத்தாற்போல. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள். அவர்களும் குஜராத்திதான். தலைமுறை தலைமுறையாக மண் பிசைந்து, சூளைப் புகையில் இருமிக்கொண்டு, நம் மாதிரியே மறுசீரமைப்புக்குப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய புடவைக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்துவிட்டுப் போகிற வாக்ரி அம்மாக்கள் குஜராத்திகள் இல்லையா? மாநகராட்சித் துப்புரவு வேலையில் தலைமுறையாக இருக்கிற மேக்வால்கள்? பணக்காரர்கள் குடியிருக்கும் மலபார் ஹில்லை எடுத்துத் தாராவியோடு ஒப்பிட்டால் யாருக்கும் எந்த முடிவும் கிடைக்கும். கும்பார்வாடாவைத் தாராவியோடு ஒப்பிடுங்கள். கையில் ஒன்றுமில்லாமல் வந்த இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

நம் பக்கமும் அப்படித்தான். மாட்டுங்கா தமிழர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்? தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் இங்கிலீஷ் படிப்போடும் டைப்ரைட்டிங், சுருக்கெழுத்தோடும் வந்தார்கள், ஆபீஸ்களில் உட்கார்ந்தார்கள், 1932-லேயே கல்விச் சங்கம் தொடங்கிப் பள்ளி நடத்தினார்கள். நல்ல காரியம். அவர்கள் கையில் படிப்பு இருந்தது, படிக்க விட்ட சாதி இருந்தது. எங்கள் கையில் இருந்தது கடுக்காய்க் கறை.

'நாடார்கள் மேலே வரவில்லையா, அவர்களையும் ஒதுக்கித்தானே வைத்திருந்தார்கள்?' இதை நேற்று ஒரு தம்பி போனிலேயே கேட்டுவிட்டார். நல்ல கேள்வி. நாடார்கள் கையில் மகமை இருந்தது. ஒவ்வொரு வியாபாரியும் லாபத்தில் ஒரு பங்கை உறவின்முறை என்கிற சாதிச் சங்கத்துக்குக் கொடுத்தான். அதில் பேட்டை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, 1921-ல் தூத்துக்குடியில் வங்கியே வந்தது. இன்றைக்கு அதன் பெயர் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. இது என் வாதத்துக்கு எதிரானது இல்லை தம்பி, என் வாதமே இதுதான். பின்னால் நின்று 'இவன் நம்ம பையன்' என்று சொல்ல ஆள் இருந்தால் தமிழனும் ஏறுவான். செட்டியார்கள் பர்மாவில் ஏறவில்லையா?

'1956-ல் குஜராத்திகளையும்தான் அடித்தார்கள்' என்று ஒருவர். உண்மை, பம்பாயோடு சேர்த்து மராத்தி மாநிலம் கேட்ட சம்யுக்த மகாராஷ்டிரா போராட்ட நாட்களில் அடி விழுந்தது. 1966-க்குப் பிறகு சிவசேனை நம்மை விரட்டியதும் உண்மை. வியாபாரிக்கு அடி விழுந்தால் கடைக் கண்ணாடி உடையும், மறுபடி மாட்டலாம். வேலைக்காரனுக்கு விழுந்தால் வேலையே போகும். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

'நம்மாள் குடிச்சே அழிச்சான்.' இதற்குப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடித்தவர்கள் இருந்தார்கள். எந்தச் சமூகத்தில் இல்லை? மலக்குழிக்கும் தோல் தொட்டிக்கும் நடுவில் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு இந்த வார்த்தையைச் சொல்லுங்கள்.

'எதற்கெடுத்தாலும் சாதியை இழுக்காதீர்கள்' என்று இந்நேரம் ஒருவர் டைப் செய்துகொண்டிருப்பார். அந்தப் பையனுக்குச் சரக்குக் கடன் கொடுத்தது எது? பேப்பரா, ஈடா? நான் இழுக்கவில்லை, அது ஏற்கனவே அங்கே உட்கார்ந்திருக்கிறது.

இப்போது அந்த இட்லிக் குண்டானுக்கு வருகிறேன். என் அம்மா இட்லி போட்டாள். தொட்டி மூடிய பிறகு எங்களைப் படிக்க வைத்தது அதுதான். ராத்திரி மாவாட்டி, மூன்று மணிக்கு எழுந்து ஸ்டவ் பற்ற வைத்து, ஆறு மணிக்கு முன்னால் வியாபாரிகள் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். மழைக்காலத்தில் வாசல் வரை சாக்கடைத் தண்ணீர் ஏறி நிற்கும், ஸ்டவ்வை பெஞ்சு மேல் தூக்கி வைத்து அவிப்பாள். இன்றும் தாராவியில் எத்தனையோ வீட்டில் அப்படித்தான் விடிகிறது. இந்த ஊரின் பாதி ஆபீஸ் காலையில் சாப்பிடுவது அந்தக் குண்டானிலிருந்து. அது அவருக்குத் தோல்வியின் அடையாளமாகத் தெரிந்தால், அவர் காலை டிபன் எங்கிருந்து வருகிறது என்று வீட்டில் விசாரிக்கட்டும்.

அந்தக் கூட்டத்தில் என் தங்கை மகளும் இருந்தாள். வீட்டுக்கு வந்து, 'மாமா, நம்ம ஆளுங்க நெஜமாவே சோம்பேறியா?' என்று கேட்டாள். அவள் அப்பா ராத்திரி டாக்ஸி ஓட்டுகிறார். பாராட்ட என்று கூப்பிட்டு, அந்தப் பிள்ளையின் அப்பாவைப் பற்றி அவளுக்கே இப்படி ஒரு சந்தேகத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள்.

குஜராத்திகளிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாரே, நான் முழுசாக ஒத்துக்கொள்கிறேன். மேடையில் இருந்த பெரியவர்களே கற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் சமூகத்துப் பணக்காரர்கள் ஊர்ப்பையன்களுக்கு போர்டிங் கட்டினார்கள், தங்கவும் விசேஷம் நடத்தவும் வாடி கட்டினார்கள், உடம்பு தேற சானடோரியம் கட்டினார்கள். வந்தவனிடம் முனைப்பு இருக்கிறதா என்று மேடை போட்டுப் பேசவில்லை, முதலில் படுக்க இடம் கொடுத்தார்கள். மும்பையில் தமிழ்ப் பணக்காரர்கள் இல்லையா? அன்று மேடையில் போர்த்திய சால்வைகளையும் ஹால் வாடகையையும் சேர்த்தால் எத்தனை பிள்ளைகளின் ஒரு வருஷ ஃபீஸ் என்று கணக்கெழுதிப் பழகிய எனக்குத் தெரிகிறது. நம்மில் வசதியானவர் முதலில் செய்வது தாராவி முகவரியை மறைப்பது. அப்புறம் எந்தப் பையனைப் பார்த்து யார் 'இவன் நம்ம பையன்' என்று சொல்வது?

அன்று பரிசு வாங்கிய பெண் ஒருத்திக்கு மருத்துவம் படிக்க இடம் கிடைக்கும் போலிருக்கிறது. மொத்தச் செலவு ஏழரை லட்சத்தைத் தாண்டும், அதற்கு மேல் கல்விக் கடன் என்றால் வங்கி பெரும்பாலும் சொத்து ஈடு கேட்கிறது. அவர்கள் வீட்டில் போட்டோபாஸ்தான் இருக்கிறது. அவளுக்காக வங்கியில் வந்து ஈடு வைக்கக்கூடிய தமிழர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள், அவள் அப்பாவோடு பேச வைக்கிறேன். சிறப்பு விருந்தினருக்கும் இந்தப் பதிவை அனுப்பியிருக்கிறேன்.