சின்ன இன்ஜினா, பெரிய இன்ஜினா? டி.எச். ரோட்டில் (திருவொற்றியூர் நெடுஞ்சாலையில்) ஓட்டுகிறவர்களுக்கு

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டி நிற்கிற நேரத்தில் கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை சிசி, மைலேஜ் எவ்வளவு?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் வட சென்னையில் வண்ணாரப்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும், தண்டையார்பேட்டைக்கும் மணலிக்கும் தினமும் போய்வருகிறவர்கள் சிசிக்கு முன்னால் இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று வண்டியின் எடை. இன்னொன்று, நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடும் நேரம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஏரியா நெரிசலில், ஏசி போட்டு, எடை குறைந்த 1.0 லிட்டர் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிறது என்றால் செலவு 80,000 ரூபாய். அதே மாதிரி வண்டியில் 1.2 லிட்டர் இன்ஜின் 14 கொடுத்தால் ஏறக்குறைய 85,700. ஆக மாதம் 500 ரூபாய்க்குள் வித்தியாசம். 1.5 லிட்டர் எஸ்யூவி 10 கொடுத்தால் 1,20,000. பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது. 1.0, 1.2 என்று மண்டையை உடைத்துக்கொள்வது வீண்.

கம்பெனி சொல்லும் கணக்கும் இதையே காட்டுகிறது. வேகன்ஆர் மேனுவலில் 1.0 இன்ஜினுக்கு 24.35, 1.2 இன்ஜினுக்கு 23.56. 2024இல் வந்த ஸ்விஃப்ட்டும் 1.2 லிட்டர்தான், அதற்கு 24.80. அந்த எண்களை ஆய்வுக்கூடத்தில் உருளைமேல் ஓட்டி, ஏசி போடாமல் எடுக்கிறார்கள். அதனால் ஒரு வண்டியை இன்னொன்றோடு ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள், மாதச் செலவைக் கணக்குப் போட அல்ல.

மைலேஜ் எண் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். 20 கொடுக்கும் வண்டியை விட்டு 24 கொடுக்கும் வண்டிக்கு மாறினால் 12,000 கிலோமீட்டரில் மிச்சம் 100 லிட்டர். 10 கொடுப்பதை விட்டு 12க்கு மாறினால் மிச்சம் 200 லிட்டர். கனமான வண்டி வைத்திருப்பவர் இரண்டு கிலோமீட்டர் கூட்டினாலே, சின்ன வண்டிக்காரர் நான்கு கூட்டுவதைவிட இரண்டு மடங்கு மிச்சம்.

சின்ன இன்ஜின் ஏன் கம்மியாகக் குடிக்கிறது? ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது பெரிய இன்ஜினில் காற்று போகும் த்ராட்டில் ஏறக்குறைய மூடித்தான் இருக்கும். அந்த இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சவே பிஸ்டன் சக்தியை வீணாக்கும். அதே வேலைக்குச் சின்ன இன்ஜினில் த்ராட்டில் கூடுதலாகத் திறந்திருக்கும், வீணாவது குறையும். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்வதற்கு அதுவே சரியான இன்ஜின்.

ஆனால் ஐந்து பேரை ஏற்றி, டிக்கியை நிரப்பி, ஏசியோடு செங்குன்றம் தாண்டிக் கும்மிடிப்பூண்டி பக்கம் நெடுஞ்சாலையில் 100இல் போனால் கதை மாறும். ஒவ்வொரு ஓவர்டேக்குக்கும் மூன்றாவது கியருக்கு இறக்கி முழுசாக மிதிக்க வேண்டியிருக்கும். முழு மிதியில் இன்ஜினைச் சூட்டிலிருந்து காக்க கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி விடும். வாரத்துக்கு இரண்டு முறை அப்படிப் போகிறவர் 1.2 எடுப்பதுதான் சரி.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது, 'ஒரு லிட்டர் இன்ஜின்தானே' என்று நம்பிக் கனமான உடம்பில் சின்ன டர்போ (காற்றை அழுத்தி உள்ளே ஊதும் கருவி வைத்த இன்ஜின்) வாங்குவது. 4 மீட்டருக்குள் நீளம், பெட்ரோலில் 1,200 சிசிக்குள் இன்ஜின் இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். மீறினால் 40. அதனால் சின்ன எஸ்யூவியில் 1.0 டர்போ வைப்பது கம்பெனிக்கு லாபம், வாங்குகிறவருக்கும் விலை குறைவு. ஆனால் ஆயிரம் கிலோவைத் தாண்டிய உடம்பை ஒவ்வொரு முறையும் நின்ற நிலையிலிருந்து கிளப்ப வேண்டும். கீழ் ஆர்பிஎம்மில் டர்போ ஊதாது, ஓட்டுகிறவர் கூட மிதிப்பார். ஊத ஆரம்பித்ததும் உள்ளே போகும் காற்றுக்கு ஏற்ற பெட்ரோலும் போகும். நெடுஞ்சாலையில் அருமையான இன்ஜின், டி.எச். ரோட்டுக்கு ஏற்றதல்ல.

அடுத்து, நின்றுகொண்டே எரிப்பது. 1.0, 1.2 இன்ஜின்கள் ஏசியோடு ஐடிலிங்கில் மணிக்குச் சுமார் 0.8 லிட்டர் குடிக்கும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட், எர்ணாவூர் பக்கம் லாரி வரிசை, மூலக்கடை சிக்னல் என்று தினமும் 40 நிமிடம் நின்றால், 300 நாளில் 200 மணி நேரம், 160 லிட்டர், 16,000 ரூபாய். 1.0க்கும் 1.2க்கும் உள்ள வித்தியாசத்தைப் போல இது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கேட் போட்டதும் சாவியைத் திருப்பி அணைத்துவிடுங்கள். மே மாத வெயிலில் ஏசி இல்லாமல் முழு நேரமும் உட்கார முடியாது, சரி. பாதி நேரம் அணைத்தாலே 8,000 மிச்சம்.

ஊர்ந்து போகும்போது அரைக் கிளட்ச்சில் வண்டியைப் பிடித்து வைக்காதீர்கள். முன்னால் ஒரு வண்டி நீளம் இடம் விழட்டும், ஃபர்ஸ்டில் போட்டுக் காலை எடுத்துவிட்டுப் போய் நில்லுங்கள். பெட்ரோலைவிடக் கிளட்ச் பிளேட்டுக்கு இது முக்கியம்.

கடலோரம் வண்டி நிறுத்துகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். காசிமேடு முதல் எண்ணூர் வரை உப்புக் காற்றில் பிரேக் பேடை டிஸ்கில் அழுத்தும் காலிபரின் பின் (கம்பி போன்ற பாகம்) துருப்பிடித்து இறுகிவிடும். காலை எடுத்தாலும் பேட் டிஸ்கை விடாது. மைலேஜ் இறங்கும், இன்ஜின்மேல் பழி விழும். பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி நான்கு வீலுக்கும் பக்கத்தில் புறங்கையைக் காட்டுங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் ஜாக்கி வைத்துத் தூக்கி, நியூட்ரலில் கையால் சுற்றிப் பாருங்கள். லேசான உரசல் சத்தத்தோடு சுற்றினால் பரவாயில்லை. இறுகிப் பிடித்தால் காலிபரைக் கழற்றி, பின்னைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று உள்ள சிலிகான் கிரீஸ் போடச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப்போய் மறுபடி இறுகும்.

ஆயிலும் அப்படித்தான். கையேட்டில் 0டபிள்யூ-20 என்று இருக்கும் இன்ஜினுக்குக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால் உராய்வு கூடி மைலேஜ் போகும். டயர் காற்று, வண்டி ஓடாத காலை நேரத்தில் பார்ப்பதுதான் சரியான அளவு.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு எல்லா இன்ஜினிலும் மைலேஜ் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு சக்திதான். அதனால் பழைய பில்லோடு ஒப்பிட்டு இன்ஜின் போய்விட்டதென்று முடிவு கட்ட வேண்டாம். ஒரே பங்க்கில் கன் தானாக நிற்கும்வரை ஃபுல் டேங்க் அடியுங்கள், மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 300 கிலோமீட்டராவது ஓட்டி, அதே பங்க்கில் அதே மாதிரி அடித்து, ஓடிய தூரத்தை அடித்த லிட்டரால் வகுத்துப் பாருங்கள். டிஸ்பிளேயில் காட்டும் எண் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும்.

டெஸ்ட் டிரைவுக்கு ஞாயிறு காலை காலி ரோட்டில் போகாதீர்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு, வீட்டில் நான்கு பேரை ஏற்றி, ஏசியை மூன்றில் வைத்து, எர்ணாவூர் மேம்பாலத்தின் ஏற்றத்தில் நின்று கிளப்பிப் பாருங்கள். அரைக் கிளட்ச்சில் முக்காமல் எந்த இன்ஜின் ஏறுகிறதோ, அதில் எடை குறைந்த வண்டியை எடுங்கள்.