அந்தக் கல்லில் இருப்பது பூ இல்லைங்க

ஏற்காட்டுப் பாறையில் "உலகின் முதல் பூ" கிடைத்துவிட்டதாகச் சுற்றுகிற அந்த வீடியோவைத்தான் சொல்கிறேன். கீழே நாலு வரி மறுப்பு எழுதியதற்கு "சொந்த ஊர்ப் பெருமை பொறுக்காத ஜென்மம்" என்று பட்டம். சந்தோஷம். பட்டத்தை வாங்கிக்கொண்டே சொல்கிறேன்: அது பூ இல்லை.

ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலை சார்னோகைட் என்ற பாறை. பூமிக்கு அடியில் 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேல் வெந்து உருவானது. வயது சுமார் 250 கோடி ஆண்டு. பூக்கும் தாவரத்தின் மகரந்தம் சந்தேகமில்லாமல் தென்படுவதே சுமார் 13 கோடி ஆண்டுக்கு முன், கிரிட்டேசியஸ் காலத்தில்தான். இன்னும் பிறக்காத பேரனைத் தாத்தாவின் கல்யாண போட்டோவில் தேடுகிற கதை இது.

"அப்போ கிளை கிளையாகத் தெரிவது என்ன?" விரிசலில் இறங்கிய தண்ணீர் விட்டுப்போன மாங்கனீசு ஆக்சைடு. டெண்ட்ரைட் என்பார்கள். பத்து மடங்கு லென்ஸ் போதும். டெண்ட்ரைட்டின் கிளை பிரிந்துகொண்டே போகும், திரும்பச் சேராது. நடுநரம்பு கிடையாது. விரிசலின் முகத்தில் மை படிந்த மாதிரி தடிமனே இல்லாமல் கிடக்கும். பூக்கும் செடிகளின் இலையில் நரம்பு பிரிந்து, மறுபடி கூடி, வலைக்கண்ணாக மூடிக்கொள்ளும். வீடியோ போட்டவர் பெரிதாக்கிக் காட்டும் படத்தில் ஒரு கண்கூட மூடவில்லை. நிறுத்திப் பாருங்க.

"அரியலூரில் மட்டும் புதைபடிவம் கிடைக்கிறதே?" கிடைக்கும். அங்கே கிரிட்டேசியஸ் கடல் வண்டலைப் படியவைத்தது. வண்டல் வேறு, வெந்த பாறை வேறு. "மேலே பின்னாளில் படிந்த மண்ணில் இருக்கக்கூடாதா?" நியாயமான கேள்வி. ஆனால் அவர் சுத்தியலால் தட்டியது மண்ணை அல்ல, 250 கோடி ஆண்டுப் பாறையை. "நீ என்ன டாக்டரா?" அடுத்த கேள்வி.

பெருமைப்பட இங்கே விஷயத்துக்கா பஞ்சம்? காப்பி எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். மிளகு, செண்பகம், சீத்தா, பட்டர் ஃப்ரூட் எல்லாம் பூக்கும் தாவரங்களில் மேக்னோலிட் என்ற பழங்கிளை. பள்ளியில் இருவித்திலை என்று சொல்லிக்கொடுத்தார்கள், இப்போது தனிக்கிளை. செண்பகத்தைப் பிரித்துப் பாருங்க: புல்லியிதழ் எது, அல்லியிதழ் எது என்றே தெரியாது, உள்ளே மகரந்தத்தாள்கள் திருகுச்சுற்றில் நிற்கும். கொடி ஏறின சில்வர் ஓக் ஆஸ்திரேலியாக்காரன், ஆனால் தாமரைக்குக் கிட்டத்துச் சொந்தம். தாமரைக்குப் பக்கத்திலேயே மிதக்கும் அல்லியோ இவை எல்லாவற்றுக்கும் முன்பே பிரிந்துபோன கிளை. இதை யாராவது வீடியோ போட்டீர்களா?

பூக்கும் தாவரங்களின் இலையில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சராசரி 8 மில்லிமீட்டர் நீளத்துக்கு நரம்பு. மற்றவற்றில் 2-க்கும் கீழே. நரம்பு கூடினால் நீர் வேகமாக ஏறி ஆவியாகும், காட்டின் மழையே மாறும். அப்படிப்பட்ட இலையைக் காலில் மிதித்துக்கொண்டு போய்ப் பாறையில் மைக்கறையைத் தேடுகிறோம்.

அடுத்த வீடியோவில் கல்லின் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்க, கிட்டத்தில் எடுங்க. சிவப்பு வட்டம் மட்டும் வேண்டாம்.