தீவு ஓக் மரத்துக்கு விதை வங்கி போதாது

தம்பி, கலிபோர்னியாவின் தீவு ஓக் மரத்தைப் பற்றி நீங்கள் இட்ட பதிவில் சில செய்திகள் பிழை. எல்லா ஓக் மரங்களும் குளிர்காலத்தில் இலை உதிர்க்கும் என்று எழுதியிருக்கிறீர்கள்; அப்படியில்லை, தீவு ஓக் ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்பது. அதைவிடப் பெரிய பிழை, விதைகளைக் காயவைத்துக் குளிரில் சேமித்தால் இனம் தப்பிவிடும் என்பது.

ஓக் கொட்டை காய்ந்தால் செத்துவிடும். நம் வளவுப் பலாக்கொட்டையைப் போலத்தான்: ஈரம் போகுமுன் மண்ணில் ஊன்ற வேண்டும். நெல்லைப்போல உலர்த்தி, ஆண்டுக்கணக்கில் வழமையான விதை வங்கியில் வைக்க முடியாது. ஆகவே இந்த மரத்தை உயிருள்ள மரமாகவே காக்க வேண்டும்.

அதற்கு இடம் வேண்டும். இது இயற்கையாக வளர்வது கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் ஐந்து தீவுகளிலும் மெக்சிக்கோவின் குவாதலூப்பே தீவிலும் மட்டுமே. மழை குறைந்த மாதங்களில் கடல்மூடுபனி இலைகளில் படிந்து சொட்டி வேரை நனைக்கிறது. மரம் போனால் அந்த நீரும் போகும், மண்ணும் அரித்துப்போகும்.

"வெட்டியதால் மட்டுமே அழிந்தது" என்று நீங்கள் எழுதியதையும் ஏற்க மாட்டேன். குவாதலூப்பேயில் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து விடப்பட்ட ஆடுகள் முளைத்த கன்றையெல்லாம் மேய்ந்தன. முதிய மரங்கள் பிள்ளையில்லாமல் நின்றன. கதியால் வேலி அடைத்துக் கன்று வளர்த்த யாழ்ப்பாணத்தவருக்கு இதை விளக்கவும் வேண்டுமா? 2000களில் ஆடுகளை அகற்றிய பிறகுதான் அங்கே பல தாவரங்களின் கன்றுகள் மீண்டும் தலைகாட்டின. தயவுசெய்து பதிவைத் திருத்திவிடுங்கள். மாணவர்களும் இதை வாசிக்கிறார்கள்.